மூன்றாம் மாடி வள்ளல்

கடையெழு வள்ளல்களோடு கொடை முடிந்துவிட்டது என்று பாடப்புத்தகம் எழுதியவர்கள் மடிப்பாக்கம் பக்கம் வந்ததில்லை. எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் எட்டாமவர் குடியிருக்கிறார். பாரிக்காவது எதிரே ஒரு முல்லைக்கொடி இருந்தது, அது தவிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் அண்ணன், முகம் தெரியாத கலிபோர்னியா கம்பெனிக்கும் ஷென்ஜென் தொழிற்சாலைக்கும், பொருள் கடைக்கு வருவதற்கு முன்பே ‘ப்ரீ-ஆர்டர்’ என்ற பெயரில் அள்ளிக் கொடுக்கிறார். வேலை செய்யுமா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுப்பது வியாபாரம். கேட்காமலே கொடுப்பதற்குத்தான் கொடை என்று பெயர்.

புதுப் பொருளை யார் முதலில் வாங்குகிறார்கள், யார் பொறுத்து வாங்குகிறார்கள் என்று ஆராய்ந்து எவரெட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1962-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கணக்கில் முதலில் குதிப்பவர்கள் 2.5 சதவீதம். அவர்களைப் பார்த்து அடுத்து வருபவர்கள் 13.5 சதவீதம். மீதிப்பேர் விலை இறங்கட்டும் என்று காத்திருக்கும் சாமானியர்கள். எங்கள் அடுக்ககத்தில் பன்னிரண்டு குடித்தனம். ரோஜர்ஸ் கணக்குப்படி எங்களுக்குக் கால் ஆளுக்குச் சற்று மேல்தான் வந்திருக்க வேண்டும். முழு ஆளாக ஒருவர் வாய்த்தது முன்னோர் செய்த புண்ணியம்.

இந்தக் குலத்தின் பெருமை அண்ணனோடு தொடங்கியதல்ல. அமெரிக்காவில் ஜூசரோ என்று ஒரு மிஷின் வந்தது. வைஃபையில் இணைந்து பழச்சாறு பிழியும். ஆரம்ப விலை 699 டாலர். அந்தக் கம்பெனியே விற்கும் பையை உள்ளே வைத்தால்தான் பிழியும். 2017-ல் ப்ளூம்பெர்க் நிருபர்கள் அந்தப் பையை வெறும் கையால் பிழிந்து பார்த்தார்கள். ஏறக்குறைய அதே சாறு, அதே வேகத்தில் வந்தது. சில மாதங்களில் கடை மூடியாயிற்று. பிறகு 2024-ல் ஹியூமேன் என்ற கம்பெனி சட்டையில் குத்திக்கொள்ளும் ஏஐ பின் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கும் அதே 699 டாலர், தனியாக மாதச் சந்தா வேறு. 2025 பிப்ரவரியில் எச்பி நிறுவனம் அந்தக் கம்பெனியின் சொத்துகளை 11.6 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது; அந்த மாதக் கடைசியிலேயே வாங்கியவர்கள் சட்டையில் இருந்ததெல்லாம் வெறும் பேட்ஜ் ஆனது. இரண்டும் இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை என்பதில் அண்ணனுக்கு இன்றுவரை மனக்குறை. அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பின்னே, கொடுக்கத்தான் அவர் எப்போதும் தயாராக இருந்தாரே.

கிடைக்காததற்கு வருந்தி உட்கார்ந்திருப்பவர் அல்ல அவர். இன்டர்நெட்டில் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். பிராட்பேண்ட் என்று பெயர் சொல்ல வேண்டுமானால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேகமாவது வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வரையறுத்தது. அதற்கு முன்னால் 512 கேபிபிஎஸ் போதும் என்று இருந்தது. அண்ணன் வீட்டில் 1 ஜிபிபிஎஸ், அதாவது அரசு கேட்டதைப்போல் ஐந்நூறு மடங்கு. சட்டத்தை மதிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அந்த வேகத்தை வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று அற்பர்கள் கேட்பார்கள். அதற்கும் கணக்கு இருக்கிறது. ஃபுல் எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. அப்பா பார்க்கும் சீரியலுக்கு 5, அண்ணி பார்க்கும் சமையல் வீடியோவுக்கு 5, பெண்ணின் ஆன்லைன் டியூஷனுக்கு ஒரு 4, அண்ணன் இரவில் பார்க்கும் 4கே படத்துக்கு 15. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் முப்பதைத் தொடாது. மீதி 970 வீணா என்றால், இல்லை. அங்கேதான் வள்ளன்மை. நம் தெருக்களில் பெரும்பாலும் புழங்குவது ஜிபான் முறை. ஓர் இழையில் இறங்கும் மொத்த வேகமே சுமார் 2.5 ஜிபிபிஎஸ்தான், அதை 32 வீடோ 64 வீடோ பங்கு போட்டுக்கொள்ளும். ஆளுக்கு 1 ஜிபிபிஎஸ் வாங்கி, வாங்கியதை எல்லாரும் உண்மையாகவே பயன்படுத்தினால் தெருவே ஸ்தம்பித்துவிடும். அண்ணன் போன்றவர்கள் முழுசுக்கும் காசு கட்டிவிட்டு ஓரத்தில் கொஞ்சம் கொறித்துக்கொண்டு ஒதுங்குவதால்தான் அடுத்த வீடுகளில் படம் சுற்றாமல் ஓடுகிறது.

அந்தத் திட்டத்துக்கு ‘அன்லிமிடெட்’ என்று பெயர். பெயருக்குப் பக்கத்தில் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு நட்சத்திரம். கீழே பொடி எழுத்தில் மாதம் 3,300 ஜிபி வரை என்று இருக்கும். பல திட்டங்களில் இதுதான் வழக்கம். 1 ஜிபிபிஎஸ் என்றால் நொடிக்கு 125 எம்பி. முழு வேகத்தில் இறக்கினால் 3,300 ஜிபியும் 7 மணி 20 நிமிடத்தில் காலி. முப்பது நாளுக்குப் பணம் கட்டி, ஒரு பகல் பொழுதுக்குக்கூட வராத எல்லையின்மையை வாங்கி, அதையும் தொடாமல் வைத்திருப்பதற்கு எவ்வளவு புலனடக்கம் வேண்டும்!

வேகத்தை அனுபவிப்பது அவர் நோக்கமல்ல, அளப்பதுதான் நோக்கம். வாசற்கதவுக்குப் பக்கத்தில், செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் ரௌட்டர் இருக்கிறது. கேபிள் தம்பி வாசல் சுவரில் துளை போட்டு இழையை உள்ளே விட்ட இடம் அது. ரௌட்டரும் அங்கேயே தங்கிவிட்டது. தினமும் காலையில் அண்ணன் லேப்டாப்பை அங்கே கொண்டுபோய், ஒயரைச் சொருகி, செருப்புகளுக்கு நடுவே நின்றபடி ஸ்பீடு டெஸ்ட் போடுவார். 940 என்று வரும். “தம்பி, மீதி 60 எங்க போச்சு பாத்தியா?” என்று மாடிப்படியில் போகிறவர்களை நிறுத்திக் கேட்பார். அந்த அறுபது எங்கும் போகவில்லை. டேட்டாவைப் பொட்டலம் கட்டி, முகவரி ஒட்டி அனுப்பும் செலவு அது. ஜிகாபிட் ஒயரில் எவருக்கும் 940 சொச்சம்தான் வரும். ஆனாலும் அண்ணன் கஸ்டமர் கேருக்கு போன் போட்டுப் புகார் எண் வாங்கிவிடுவார். படுக்கையறையில் பெண்ணின் டியூஷன் டீச்சர் பாதி வாக்கியத்தில் வாய் திறந்தபடி உறைந்து நிற்பதைப் பற்றி மட்டும் புகார் எண் எதுவும் கிடையாது. அறுபதைத் தேடுகிறவருக்குச் சில்லறையை கவனிக்க நேரமேது?

படுக்கையறைக்கும் ரௌட்டருக்கும் நடுவில் இரண்டு செங்கல் சுவர், ஒரு கான்கிரீட் தூண், அண்ணிக்குச் சீராக வந்த இரும்பு பீரோ. அலைவரிசை கூடக் கூட வேகம் கூடும், சுவரைத் துளைக்கும் தெம்பு குறையும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தட்டுத் தடுமாறியாவது வந்து சேரும். 5 கிகாஹெர்ட்ஸ் பீரோவைப் பார்த்ததும் திரும்பிவிடும். 6 கிகாஹெர்ட்ஸ் ஹாலைத் தாண்டுவதே பெரும்பாடு. ஆகவே அண்ணன் 6 கிகாஹெர்ட்ஸ் ரௌட்டர் வாங்கினார். டல்லாஸிலிருந்து மச்சினர் பெட்டியில் வந்திறங்கியது. அந்த அலைவரிசையின் கீழ்ப்பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதிக்கும் வரைவு விதிகளையே மத்திய அரசு 2025 மே மாதம்தான் வெளியிட்டது. அண்ணன் அதற்கு வெகுகாலம் முன்பே வாங்கிவிட்டார். அதைப் பிடிக்கக்கூடிய போனோ டிவியோ வீட்டில் அப்போது ஒன்றுமில்லை. அரசு வருமுன், கருவி வருமுன், தேவை வருமுன் வாங்கிவிடும் இந்தத் தீர்க்கதரிசனம் எல்லாருக்கும் வராது.

ஹாலில் டிவிக்கு மட்டும் ஒயர்லெஸ்ஸை நம்பாமல் கேட்-8 ஒயர் இழுத்திருக்கிறார். டேட்டா சென்டர்களில் சர்வருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் போடுவதற்காக உருவான ரகம். 30 மீட்டர் வரை 40 ஜிபிபிஎஸ் தாங்கும். சுண்டுவிரல் தடிமன், மேலே நைலான் பின்னல், இரண்டு முனையிலும் தங்க முலாம். வளைக்க வராமல் கம்பளத்துக்கு அடியில் முண்டிக்கொண்டு நிற்கும். அப்பா அதைக் கால் தூக்கித் தாண்டிப் பழகிவிட்டார். அந்த ஒயர் போய்ச் சேரும் டிவியின் முதுகில் ஒரு லேன் ஓட்டை இருக்கிறது. பல ஸ்மார்ட் டிவிகளில் இருப்பதைப்போல அதன் வேகம் 100 எம்பிபிஎஸ். அதற்குச் சாதாரண கேட்-5 ஒயரே தாராளம். ஒயரைப் பிடுங்கிவிட்டு வைஃபையில் விட்டால் அந்த டிவி இன்னும் வேகமாக ஓடும். ஆனால் தங்க முலாம் பூசிய முனையை வெளியே தொங்கவிடுவது அந்த டிவிக்குச் செய்யும் அவமரியாதையல்லவா?

ஒரு கம்பெனியை மட்டும் வாழவைப்பது பாரபட்சம் என்பதால் அண்ணன் இரண்டு கம்பெனிகளின் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறார். ஒன்று போனால் இன்னொன்று. இரண்டு இழைகளும் எங்கள் தெருமுனையில் ஒரே கம்பத்தில், ஒரே சுருளாக, ஒரே கயிற்றால் கட்டப்பட்டுத் தொங்குகின்றன. மழைநீர் வடிகாலுக்குப் பொக்லைன் வந்தால் கம்பெனி பேதம் பார்க்காது. ஒரே இழுப்பில் இரண்டு மோடத்திலும் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். சமத்துவம் என்றால் அது. இதைக் கண்ட அண்ணன் மூன்றாவதாக ஒயரே இல்லாத 5ஜி ஏர்ஃபைபரும் வாங்கினார். 2023 செப்டம்பரில் சென்னைக்கு அது வந்ததும் முதல் வரிசையில் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

இப்போது மூன்று இணைப்புகள் செருப்பு ஸ்டாண்டின் மேல் மூன்று பெட்டிகளாக உட்கார்ந்திருக்கின்றன. மூன்றுக்கும் மின்சாரம் வாசலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரே பிளக் பாயிண்டிலிருந்து. அந்த பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. கரண்ட் போனால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், ஃப்ரிட்ஜ் நிற்கும், மூன்று கம்பெனிகளும் ஒருசேர அணையும். ரௌட்டருக்கென்றே சோப்புப் பெட்டி அளவில் மினி யூபிஎஸ் விற்கிறது. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாயில் முடிந்துவிடும். அதை அவர் வாங்கமாட்டார். ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு மேடை போட்டு, கறுப்பு டீ-ஷர்ட்காரர் நடந்து நடந்து பேசி அறிமுகப்படுத்தும் விழா கிடையாது. அப்படியொரு விழா இல்லாத பொருள் உலகத்தில் இருப்பதாக அண்ணன் ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்த குறி வானம். ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்த செய்தி வந்த அன்றே அண்ணன் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் பார்த்துவிட்டு வந்தார். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அவை. ஃபைபர் எட்டாத மலைக்கிராமத்துக்கும் செல்போன் கோபுரம் இல்லாத காட்டுக்கும் அது வரம். மூன்று இணைப்பு வாசல்வரை வந்து நிற்கும் மடிப்பாக்கத்தில் நான்காவதை வானத்திலிருந்து இறக்க வேண்டுமானால் மலைவாசி மனது வேண்டும். பள்ளம் தோண்டுபவர்களின் கை வானத்துக்கு எட்டாது என்பது அவர் வாதம். மறுக்க முடியாத வாதம்தான். மோடத்தின் பிளக் பாயிண்ட் எது என்று நாங்களும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் எல்லாமே ஸ்மார்ட். லைட்டைப் போட அண்ணன் குரல் கொடுத்தால் போதும். அது இன்டர்நெட் வழியாகக் கடல் கடந்த சர்வர் வரை போய்க் கேட்டு வந்து எரியும். ஆனால் ஸ்மார்ட் பல்பு கேட்க வேண்டுமானால் சுவரிலுள்ள சுவிட்ச் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும். அப்பா ஈபி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறையை விட்டு வெளியே போகும்போது சுவிட்சை அணைப்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. இரவு அண்ணன் இருட்டில் நின்றுகொண்டு, “ஹால் லைட் ஆன்” என்று ஆங்கிலத்தில் பலவித உச்சரிப்புகளில் வேண்டிக்கொண்டிருப்பது எங்கள் வீடுவரை கேட்கும். பிறகு அப்பா எழுந்துவந்து சுவிட்சைப் போடுவார். குரலுக்கு விளக்கு எரியும் வீடு என்பது பொய்யில்லை. குரல் கேட்டுத்தான் அவர் எழுந்து வருகிறார்.

பெருக்கித் துடைக்க ரோபோ வந்திருக்கிறது. அது வேலையை ஆரம்பிக்கும் முன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா நாற்காலிகளைத் தூக்கி டைனிங் டேபிள் மேல் கவிழ்த்து, மிதியடிகளைச் சுருட்டி, சார்ஜர் ஒயர்களை எல்லாம் பொறுக்கி, பூஜை அறைக் கோலத்தின் முன் மனைப்பலகையைத் தடுப்பாக நிறுத்திவிட்டுப் போக வேண்டும். பால்கனி நிலைப்படியில் அது சக்கரத்தை மாட்டிக்கொண்டு போனுக்கு உதவி கேட்டு மெசேஜ் அனுப்பினால், அக்காவே போய்த் தூக்கிவிடுவார். மிஷின் வந்தால் ஆட்களுக்கு வேலை போய்விடும் என்று பயமுறுத்துகிற பொருளாதார நிபுணர்கள் இந்த வீட்டை வந்து பார்க்க வேண்டும். அக்காவுக்குச் சம்பளம் ஐந்நூறு ரூபாய் கூடியிருக்கிறது.

காலையில் எழுந்ததும் அண்ணன், இரவு நன்றாகத் தூங்கினோமா என்று கைக்கடிகாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். 62 மார்க் என்றால் அன்று முழுக்க அசதி. 85 என்றால் உற்சாகம். சார்ஜ் போட மறந்த அன்று அவர் தூங்கியதாகவே ஒப்புக்கொள்வதில்லை.

இத்தனைக்கும் காசு எங்கிருந்து என்று கேட்கலாம். நோ-காஸ்ட் இஎம்ஐ. வட்டி இல்லாக் கடன். பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டியை வேறெங்கோ ஒளித்து வைக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடி போகும். பிராசஸிங் ஃபீ என்று ஒரு தொகை வரும். வட்டித் தொகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும். அண்ணன் ரிசர்வ் வங்கியைவிட நல்ல மனசுக்காரர். கம்பெனிக்காரன் ‘நோ காஸ்ட்’ என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு சந்தேகப்படுவது பண்பாடாகாது என்பார். போனுக்கான கடைசித் தவணை கட்டும் மாதத்தில்தான் அடுத்த போன் வெளியாகிறது. தவணைக்கும் அவருக்கும் உள்ள உறவு அறுந்ததே இல்லை.

வாங்கியவற்றை அவர் பேணும் அழகைத் தனியே சொல்ல வேண்டும். பரண் முழுக்கப் பெட்டிகள். ‘ரீசேல் வேல்யூ’ என்று பெட்டியோடு பெட்டிக்குள் இருக்கும் அட்டையும், அட்டைக்குள் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் பத்திரம். கண்ணாடி அலமாரியில் கேமரா, டிரோன், விஆர் ஹெட்செட், பேசும் ஸ்பீக்கர்கள் எல்லாம் தூசி படாமல், கீறல் விழாமல், திரையில் ஒட்டிய தாள்கூடப் பிரியாமல் வரிசையாக இருக்கின்றன. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு ஔவையார் சொன்ன பாராட்டு அத்தனையும் இந்த அலமாரிக்கு அப்படியே பொருந்தும்.

எங்களுக்கு அவரால் உண்டான நன்மைகளை மறந்தால் நாங்கள் மனிதர்களே அல்ல. ஒரு பொருளின் முதல் பதிப்பிலுள்ள கோளாறுகளைக் கண்டுபிடிக்கக் கம்பெனிகள் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். அண்ணன் அந்த வேலையைச் சம்பளம் கொடுத்துச் செய்கிறார். முதல் வருடம் அவர் முழு விலைக்கு வாங்கித் திணறியதால்தான் மூன்றாம் வருடம் அதே பொருள் கோளாறு நீங்கிப் பாதி விலைக்கு எங்கள் கைக்கு வருகிறது. என் காதில் இருக்கும் இயர்போன் அவர் இரண்டு மாதம் போட்டுப் பார்த்து, அதைவிடப் புதியது வந்துவிட்டதென்று வந்த விலைக்குக் கொடுத்தது. பெட்டியும் பில்லும் பிளாஸ்டிக் தாளும் கூடவே வந்தன.

போன மாதம் அண்ணன் ஆபீஸ் வேலையாகப் பெங்களூரு போயிருந்தார். பெண்ணுக்கு மறுநாள் ஆன்லைனில் தேர்வு. அண்ணி கேபிள் தம்பியைக் கூப்பிட்டார். அந்தத் தம்பி சாதாரண கேட்-6 ஒயரை அளந்து வெட்டி, வாசல் ரௌட்டரிலிருந்து சுவரோரமாகக் கிளிப் அடித்துப் படுக்கையறைக்குக் கொண்டுபோனார். பரணில் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த பழைய ரௌட்டர்களில் ஒன்றை இறக்கி, அக்சஸ் பாயிண்ட்டாக மாற்றி, பீரோ மேல் வைத்தார். ஒயர், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள். அன்றிலிருந்து டியூஷன் டீச்சர் வாக்கியங்களை முடிக்கிறார்.

ஊரிலிருந்து திரும்பிய அண்ணன் படுக்கையறையில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்து அசந்துபோனார். டல்லாஸ் ரௌட்டருக்கு அந்த வாரம்தான் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருந்ததாம். “பாத்தியா தம்பி, நல்ல பொருளுக்குக் காசு போட்டா என்னைக்காவது ஒருநாள் பலன் கொடுக்கும்” என்று மாடிப்படியில் நிறுத்திச் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். நாங்களும் ஆமோதித்தோம், உண்மையிலேயே நல்ல ரௌட்டர்தான்.

நடந்ததைச் சொல்லிவிடலாமே என்று அண்ணியிடம் கேட்டேன்.

“வேணாம் தம்பி. தெரிஞ்சா, வீடு பூரா சுவத்தை உடைச்சு அந்தத் தங்க ஒயரைப் பதிக்கிறேன்னு இறங்கிடுவார்.”